விரல் விட்டு எண்ணும் மகளை அபாகஸ் வகுப்பில் சேர்க்கலாமா?

கேள்வி: பாளையங்கோட்டையில் வசிக்கிறோம். இரண்டாம் வகுப்பு படிக்கும் எங்கள் மகளுக்கு மனக்கணக்கு என்றால் அவ்வளவு ஆசை. பேருந்தில் போகும்போது எதிரே வரும் வண்டிகளின் எண்களைக் கூட்டிக்கொண்டே வருவாள். உழவர் சந்தையில் கடைக்காரருக்கு முன்பே மீதிச் சில்லறையைச் சொல்லிவிடுவாள். ஆனால் இன்னும் விரல் விட்டுத்தான் எண்ணுகிறாள். அபாகஸ் வகுப்பில் சேர்க்கச் சொல்கிறார்கள் உறவினர்கள். வீட்டுக்கு வருகிறவர்களோ பெரிய கணக்குகளாகக் கேட்டு அவளைச் சோதிக்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: விரல் விட்டு எண்ணுவது இந்த வயதில் குறையே அல்ல. எட்டும் ஐந்தும் எத்தனை என்றால் குழந்தை முதலில் ஒன்றிலிருந்து எல்லாவற்றையும் எண்ணும்; சில காலம் கழித்து எட்டை மனத்தில் வைத்துக்கொண்டு ஐந்தை மட்டும் விரலில் எண்ணும்; அதன் பிறகு, எட்டு பத்தாக இரண்டு வேண்டும், அதை ஐந்திலிருந்து எடுத்தால் மூன்று மிஞ்சும், ஆகவே பதின்மூன்று என்று தானே கண்டுகொள்ளும். அந்த இடத்துக்கு வந்ததும் விரல்கள் தாமாகவே விலகிவிடும். கையைக் கட்டிக்கொண்டு சொல் என்று நீங்கள் வற்புறுத்தினால், அவள் கணக்கிடுவதை விட்டு ஊகிக்கத் தொடங்குவாள்.

விடை வந்ததும், அது சரியோ தவறோ, "எப்படிக் கண்டுபிடித்தாய்?" என்று கேளுங்கள். நம் ஊர் வண்டியில் டி.என். 72-க்குப் பிறகு 3827 என்று இருந்தால், 38-ஐயும் 27-ஐயும் கூட்டச் சொல்லலாம். ஒரு குழந்தை 30-உம் 20-உம் 50, 8-உம் 7-உம் 15, மொத்தம் 65 என்று சொல்லும்; இன்னொன்று 27-லிருந்து இரண்டை எடுத்து 38-இல் சேர்த்து, 40-உம் 25-உம் என்று மாற்றிக்கொள்ளும். இரண்டும் சரியான வழிகளே. தன் வழியைத் தானே கண்டதில்தான் அவளுடைய மகிழ்ச்சி இருக்கிறது என்பதால், உங்கள் வழியை அதன்மேல் திணிக்காதீர்கள்.

சந்தையில் 63 ரூபாய்க்குக் காய் வாங்கி 100 ரூபாய்த் தாளைக் கொடுத்தால், பள்ளியில் போல் கடன் வாங்கிக் கழிக்க வேண்டியதில்லை; 63-லிருந்து 70-க்கு ஏழு, 70-லிருந்து 100-க்கு முப்பது, ஆக 37 என்று மேல்நோக்கி எண்ணிச் சில்லறை தரலாம். இதுவும் கழித்தலே என்பதை அவளுக்குச் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் கடைக்கணக்கு வேறு, பள்ளிக்கணக்கு வேறு என்று எண்ணிவிடுவாள்.

அதே சந்தையில் பின்னங்களும் கிடைக்கின்றன. நம் திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியைக் கொண்டு பிள்ளைகள் அரை, கால், அரைக்கால், மாகாணி என்று ஓதினார்கள். ஒவ்வொன்றும் முன்னதில் பாதி, மாகாணி என்றால் பதினாறில் ஒரு பங்கு. பச்சை மிளகாய் கிலோ 80 ரூபாய் என்றால் அரைக் கிலோ 40, கால் கிலோ 20, அரைக்கால் கிலோ, அதாவது 125 கிராம், 10, மாகாணி 5 என்று பாதி பாதியாக இறங்கி வரும்போது குழந்தைகளுக்கு உண்டாகும் உற்சாகத்தை எந்தப் பயிற்சித் தாளும் தராது. பின்னம் என்ற பெயர் பாடப்புத்தகத்தில் வருவதற்கு முன்பே அதன் உள்ளே புழங்கியிருக்கும் குழந்தை பிற்பாடு அதைக் கண்டு அஞ்சாது.

அபாகஸ் இப்போது வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. மணிகளை நகர்த்தும் முறையை மனத்தில் பதித்து, வேகத்தைக் கூட்டுவதே அந்தப் பயிற்சி. அதில் தீமை ஒன்றுமில்லை. ஆனால் எண்களைப் பார்த்து, இதற்கு இந்த வழி எளிது என்று தேர்ந்துகொள்ளும் பழக்கம் உங்கள் மகளிடம் இப்போதுதான் வளர்ந்துவருகிறது. எல்லாக் கணக்குக்கும் ஒரே முறை என்று பழகிவிட்டால் அந்தத் தேர்வுக்கு இடமிருக்காது. இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்து அவளே விரும்பிக் கேட்டால் சேர்த்துவிடுங்கள்.

உறவினர்களின் சோதனையை மட்டும் தயங்காமல் நிறுத்துங்கள். எல்லோர் முன்னிலையிலும் வேகமாகச் சொல்ல வேண்டியிருக்கும் குழந்தைக்கு, தவறிவிடுவோமோ என்ற பயம் கணக்கோடு சேர்ந்தே பதிந்துவிடும். கணக்கை அவள் கேட்கட்டும், மாமாவும் சித்தியும் விடை சொல்லட்டும். நல்ல கணக்கு ஒன்றை உருவாக்குவதற்கே அவள் நிறைய யோசிக்க வேண்டியிருக்கும். ஆச்சியிடம் பல்லாங்குழி இருந்தால் இன்னும் நல்லது: குழிக்கு ஐந்து புளியங்கொட்டையாகப் பதினான்கு குழிகளுக்கும் எத்தனை வேண்டும் என்பதிலேயே ஆட்டத்தை ஆரம்பிக்கலாம், எந்தக் குழியிலிருந்து எடுத்தால் கடைசிக் கொட்டை எங்கே விழும் என்று அவளையே முன்கூட்டிச் சொல்லச் சொல்லலாம். அவள் போதும் என்றால் அன்றைக்கு அத்தோடு விட்டுவிடுங்கள்.