கொசுறு

அன்புள்ள அம்மாவுக்கு,

சேலம் அழகாபுரத்தில் வாடகை வீட்டு மொட்டை மாடியில் சிறிய தோட்டம் போட்டிருக்கிறேன். பங்குனிக் கடைசியில் கொத்தமல்லி நாற்று வாங்கி, புதினாவையும் அதே தொட்டியில் சேர்த்து நட்டேன். இரண்டுக்கும் ஒரே அளவு தண்ணீர்தான் ஊற்றினேன். மூன்றே வாரத்தில் கொத்தமல்லி இலை மெலிந்து, தண்டு நீண்டு, வெள்ளையாகப் பூத்துவிட்டது. புதினா தொட்டி முழுவதும் ஓடிவிட்டது. ஏற்காட்டில் என் அக்கா வீட்டில் கொத்தமல்லி அவ்வளவு செழிப்பாக வருகிறது. சேலத்து மாடிக்கு இரண்டில் எது ஏற்றது? எது உடம்புக்கு அதிக நல்லது? தட்டுவடை செட்டுக்கான பச்சைச் சட்னியில் எதை எவ்வளவு சேர்ப்பது? கடையில் கொசுறாகக் கிடைக்கும் கொத்தமல்லிக்கு இவ்வளவு பாடு எதற்கு என்று மனைவி கேட்கிறார். எனக்கும் நியாயமாகத்தான் படுகிறது. பூத்த செடியைப் பிடுங்கி எறிந்துவிடலாமா?

– பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர், சேலம்

அன்புள்ள தம்பிக்கு,

எறிய வேண்டாம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதைப் பிறகு பேசுவோம்.

உங்கள் கடிதத்தில் கொசுறு என்ற ஒரு சொல் இரண்டு நாட்களாக மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. போன வாரம்தான் காய்கறிக் கடையில் நின்றபோது, ஒரு பெண்மணி கொத்தமல்லிக் கட்டைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இது வாடியிருக்கிறது, வேறு போடுங்கள்" என்று திருப்பி எறிந்தார். ஒரு பைசா கொடுக்காத பொருள் அது. வீடு திரும்பும் வரை அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். அன்று மாலை உங்கள் கடிதம்.

எது உடம்புக்கு நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுமே நல்ல கீரை. நாளுக்கு ஒரு கைப்பிடி சேர்க்கிற இலையில் மருந்தைத் தேடாமல் சுவைக்காகச் சாப்பிடுங்கள். அதற்கு மேல் அந்தக் கேள்வியில் எனக்கு ஆர்வமில்லை.

ஆனால் ஒரே தொட்டியில் நட்டீர்களே, அதற்கு உங்களைத் திட்டத்தான் வேண்டும். கொத்தமல்லி புதினா என்று ஒரே மூச்சில் சொல்லிச் சொல்லி, இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் என்று நாம் நம்பிவிட்டோம். புதினா மண்ணை ஒட்டி ஓடுகிற தண்டு. மண்ணில் பட்ட கணுவில் எல்லாம் வேர் விட்டு அடுத்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆழம் அதற்குத் தேவையில்லை, அகலம் வேண்டும். ஈரம் எப்போதும் வேண்டும். உச்சி வெயில் படாமல் அரை நிழல் இருந்தால் சேலத்துச் சித்திரையையும் தாங்கிவிடும். சமையலுக்கு இலையை உருவிய பிறகு மிஞ்சும் தண்டைத் தண்ணீரில் போட்டு வைத்தாலே வேர் விட்டுவிடும். வெட்ட வெட்டத் தழைக்கும்.

கொத்தமல்லி ஒரே பருவம் வாழ்ந்து, விதை வைத்து, போய்ச் சேருகிற செடி. ஆணிவேர் நேராகக் கீழே இறங்கும், தொட்டியில் ஒரு சாண் ஆழமாவது இருக்க வேண்டும். அந்த வேரை ஒரு முறை அசைத்தாலும் செடிக்குப் பொறுக்காது. அதனால்தான் கொத்தமல்லியை நாற்று நடுவதில்லை, தம்பி. நாற்று என்று விற்றவர் தவறு செய்தார், கேட்காமல் வாங்கிய நீங்கள் அதைவிடப் பெரிய தவறு செய்தீர்கள். எந்த இடத்தில் வளர வேண்டுமோ அந்த இடத்திலேயே விதைக்க வேண்டும். வேர் நொந்து, வெயிலும் ஏறி, பகலும் நீண்டால், அது இலையை மறந்து பூவுக்கு ஓடும். அந்த மூன்றையும் நீங்கள் ஒரே மாதத்தில் கொடுத்திருக்கிறீர்கள். அக்காவோடு உங்களை ஒப்பிட்டுக்கொள்ளவும் வேண்டாம். ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, நம் ஊர் 300 மீட்டருக்கும் கீழே. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்குவதற்குள் ஏழெட்டு டிகிரி மாறிவிடுகிறது. சேலத்தில் புரட்டாசி முதல் தை வரை கொத்தமல்லியின் காலம். கோடையில் வேண்டுமானால் நிழல்வலை கட்டி, கொஞ்சமாக விதைத்து, பிஞ்சிலேயே பிடுங்கிக்கொள்ளலாம்.

இப்போது கொசுறுக்கு வருகிறேன்.

கன்னங்குறிச்சியில் என் அம்மாயிக்கு, அதாவது அம்மாவைப் பெற்றவருக்கு, மூக்கனேரிக்குப் பக்கத்தில் கொஞ்சம் நிலம் இருந்தது. அதில் மூன்று பாத்தி எப்போதும் கொத்தமல்லிக்குத்தான். மல்லி விதையைச் சாக்கின் மேல் பரப்பி, செங்கல்லால் மெல்லத் தேய்ப்பார். உருண்டையாகத் தெரிகிற ஒவ்வொன்றுக்குள்ளும் இரண்டு விதைகள் இருக்கின்றன, பிரித்தால்தான் சீராக முளைக்கும். பிறகு ஓர் இரவு ஊறப்போடுவார். விதைத்த பின் எட்டு நாள், பத்து நாள் ஒன்றும் தெரியாது. மண் காயவும் கூடாது, தண்ணீர் தேங்கவும் கூடாது. பானையின் வாயைக் கையால் மறைத்து, விரலிடுக்கு வழியாகத் தெளிப்பார். வேகமாக ஊற்றினால் விதை ஓரிடத்தில் ஒதுங்கிவிடும் என்பார். நாற்பது நாளில் விடியலுக்கு முன் வேரோடு பிடுங்கி, வாய்க்காலில் அலசி, வாழை நாரில் கட்டி, கூடையில் அடுக்கி, மேலே ஈரத்துணி போட்டு டவுனுக்கு நடப்பார். ஐந்தாறு கிலோமீட்டர். விடுமுறை நாட்களில் நானும் கூடவே ஓடுவேன்.

ஒரு நாள் ஒரு கடையில் கட்டுகளை எண்ணிக்கொடுத்துவிட்டுக் காசுக்கு நின்றோம். கத்திரிக்காய் வாங்க வந்தவருக்குக் கடைக்காரர் ஒரு கட்டைத் தூக்கிப் போட்டார். அவர் இன்னொன்று கேட்டார். இவர் வீசினார், அது பைக்கு வெளியே விழுந்தது. குனிந்து எடுக்க அவருக்கு மனமில்லை, போய்விட்டார். அம்மாயி அதை எடுத்து, வேரில் ஒட்டிய தூசியை முந்தானையால் துடைத்து, திரும்பவும் கடைப்பலகையில் வைத்தார். ஒன்றும் சொல்லவில்லை. வழியில்தான் சொன்னார், "பத்து நாள் வெறும் மண்ணுக்குத் தண்ணீர் தெளித்தேன், கண்ணு."

அவர் வீட்டில் புதினாவும் இருந்தது. துணி துவைக்கும் கல்லுக்குப் பின்னால், தண்ணீர் ஓடுகிற இடத்தில், யாரும் நடாமல் யாரும் பார்க்காமல் தழைத்துக் கிடந்தது. அதை அவர் ஒரு நாளும் விற்றதில்லை. கேட்டவர்களுக்கு வேரோடு பிய்த்துக் கொடுப்பார். தானாக வளருகிற ஒன்றுக்குக் காசு வாங்குவதா என்பார்.

இன்று கடைக்குப் போய்ப் பாருங்கள். புதினாவுக்குப் பெரும்பாலும் காசு, கொத்தமல்லி இலவசம். எது சும்மா விட்டாலும் தழைக்குமோ அதற்கு விலை இருக்கிறது, எதைக் கண்ணில் வைத்துக் காக்க வேண்டுமோ அது பைக்குள் வீசப்படுகிறது. நாற்பது நாளில் கைக்கு வரும் பயிர், எல்லாரும் ஒரே சமயத்தில் விதைக்கிறார்கள், விலை சரிகிறது என்று காரணம் சொல்வார்கள். அந்தக் காரணம் உண்மை. விலை சரியட்டும். ஒரு ரூபாய் என்றால் ஒரு ரூபாய் கேட்டு வாங்கட்டும். சும்மா தருவது என்ற பழக்கத்தைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. ஐம்பது ஆண்டுகளாக நான் கொத்தமல்லியைக் காசு கொடுத்துத்தான் வாங்குகிறேன். காசு வாங்க மறுக்கிற கடைக்காரரிடம் சண்டை போட்டிருக்கிறேன். உங்கள் மனைவி கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான்: அந்தத் தொட்டியில் ஒரு கட்டு கொத்தமல்லி வளர்த்துப் பார்க்கட்டும். பிறகு கடையில் கொசுறு கேட்க அவருக்கு வாய் வராது.

சட்னியைக் கேட்டிருந்தீர்கள். கொத்தமல்லி நான்கு பங்கு, புதினா ஒரு பங்கு. அதற்கு மேல் புதினா போனால் கசக்கும், நிறமும் கறுக்கும். தட்டுவடையின் மேல் காரட்டும் பீட்ரூட்டும் வெங்காயமும் இருக்கின்றன, அவற்றின் இனிப்புக்குக் கொத்தமல்லிதான் ஈடு கொடுக்கும். கொத்தமல்லியின் இளந்தண்டையும் சேர்த்து அரையுங்கள், வாசனை அதில்தான் அதிகம். புதினாவில் இலை மட்டும் போதும். பிரியாணிக்குக் கணக்கு வேறு. புதினா எண்ணெயில் வதங்கினாலும் தன் மணத்தை விடாது. கொத்தமல்லியை அடுப்பை அணைத்த பிறகுதான் தூவ வேண்டும்.

புதினாவை இன்றே பிரித்து, அகலமான வேறு தொட்டிக்கு மாற்றுங்கள். கொத்தமல்லியின் வேர் அசையாமல், புதினாத் தண்டுகளை மட்டும் கத்தரித்து எடுங்கள். பூத்த செடியை அப்படியே விடுங்கள். தேனீ வரும். பச்சையாகக் காய் பிடித்ததும் நான்கைந்தைப் பறித்து நசுக்கி ரசத்தில் போட்டுப் பாருங்கள், அந்த மணம் எந்தக் கடையிலும் கிடைக்காது. மிச்சக் காய் பழுப்பாகும் வரை பொறுத்து, தண்டோடு அறுத்து, காகிதப் பைக்குள் தலைகீழாகக் கட்டித் தொங்கவிடுங்கள். புரட்டாசியில் எடுத்துச் சாக்கின் மேல் பரப்புங்கள். செங்கல்லை அழுத்த வேண்டாம், இரண்டாகப் பிரிந்தால் போதும்.

அன்புடன்,
அம்மா