தலைக்கணக்கு – கடிதம்

அன்புள்ள ஐயா,

திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு சிற்றூர் எனக்கு. வரும் ஜூனில் மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வேண்டும். ஊரில் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி இருக்கிறது. நான் படித்த பள்ளிதான். 34 பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள். அண்ணன் மகன் அங்கே மூன்றாம் வகுப்பு. இன்னும் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கிறான். ஸ்மார்ட் வகுப்புக்கு வந்த டிவியைத் துணி போர்த்தி வைத்திருக்கிறார்கள். ஆசிரியர்களே தங்கள் பிள்ளைகளை டவுனில் தனியார் பள்ளியில் சேர்த்திருக்கிறார்கள். அங்கே யூகேஜி பிள்ளைகூட இங்கிலீஷ் பேசுகிறது. வேன் வாசலுக்கே வரும். நீங்கள் அரசுப் பள்ளிகளுக்குப் பரிந்து எழுதுகிறவர் என்பதால் கேட்கிறேன். எங்கே சேர்ப்பது?

க.

அன்புள்ள க.,

ஆசிரியர் தன் பிள்ளையை எங்கே படிக்கவைக்கிறார் என்பது டீக்கடைப் பேச்சு, கேட்டுச் சலித்துவிட்டது. டிவி துணிக்குள்ளேயே இருக்கட்டும், ஆறு வயதுப் பிள்ளைக்கு ஒன்றும் குறைந்துவிடாது. யூகேஜி பிள்ளை இங்கிலீஷில் என்ன பேசியது? தன் பெயரையும் அப்பா பெயரையும் சொல்லி, கையை ஆட்டி ஒரு பாட்டுப் பாடியிருக்கும். நம் ஊரில் அதற்கு ஒப்பிப்பது என்று பெயர். படித்தவர் நீங்கள், இதற்கா மயங்குவது?

ஆனால் '34 பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள்' என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, கொஞ்ச நாளாக என்னைக் குடைந்துகொண்டிருப்பது அதுதான்.

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையை எடுத்துப் பாருங்கள். தொடக்கப்பள்ளியில் 60 பிள்ளைகள்வரை இரண்டு ஆசிரியர். 90 வரை மூன்று, 120 வரை நான்கு. ஐந்தாவது ஆசிரியர் வேண்டுமானால் 121ஆவது பிள்ளை வந்து சேர வேண்டும். வகுப்போ எப்போதும் ஐந்துதான். சட்டம் தலையை எண்ணுகிறது, வகுப்பை எண்ணுவதில்லை. உங்கள் பள்ளியில் ஆசிரியருக்கு 17 பிள்ளை. காகிதத்தில் எவ்வளவு அழகு! டவுன் பள்ளியில் காசு கொடுத்தாலும் கிடைக்காது.

அதே அட்டவணை, தொடக்க வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 200 நாள், 800 மணி நேரம் பாடம் நடக்க வேண்டும் என்கிறது. இரண்டு ஆசிரியருக்கும் சேர்த்து 1,600 மணி. ஐந்து வகுப்புக்குப் பங்கிட்டால் 320. (போனில் போட்டுப் பார்த்தேன். காரணம் பின்னால் வருகிறது.) மீதி 480 மணி நேரம் பிள்ளை பார்த்து எழுதிக்கொண்டிருக்கும். அந்த 320 மணி நேரமாவது முழுசாகக் கிடைக்குமா? இருவரில் ஒருவர் தலைமையாசிரியர். எமிஸ் என்கிற கல்வித்துறை இணையதளத்தில் விவரங்களைப் பதிவேற்ற வேண்டும், வட்டார வள மையத்துக்குப் பயிற்சிக்குப் போக வேண்டும், தேர்தல் வந்தால் வாக்குச்சாவடி. அவர் பஸ் ஏறிய நாளில் ஐந்து வகுப்புக்கும் ஒரே ஆள். அண்ணன் மகன் ஏன் எழுத்துக்கூட்டுகிறான் என்பதற்கு நீங்கள் வேறு எங்கும் போய்க் காரணம் தேட வேண்டாம்.

நான் படித்ததும் ஈராசிரியர் பள்ளிதான். ஒரே கூடம். ஒன்றும் இரண்டும் வடக்குப் பார்த்து, மற்ற மூன்றும் தெற்குப் பார்த்து, முதுகோடு முதுகு. மூன்றாம் வகுப்பிலேயே ஐந்தாம் வகுப்புச் செய்யுளெல்லாம் எனக்கு மனப்பாடம். தினமும் காதில் விழுந்தால் வேறென்ன ஆகும்? ஐந்தாம் வகுப்பு வந்ததும் பெரிய சார் ஒரு ஒன்றாம் வகுப்புப் பையனை என்னிடம் ஒப்படைத்தார். விரலைப் பிடித்து மண்ணில் எழுதவைக்க வேண்டும். 'அ' போடச் சொன்னால் சுழியைப் போட்டு வளைத்துவிட்டு, கடைசிக் கோட்டை மறந்துவிடுவான். பத்து நாள் அந்தக் கோட்டோடு மல்லுக்கட்டினேன். ஒருநாள் காலையில் அவனாகவே முழுசாகப் போட்டுவிட்டு, காற்றில் அழிந்துவிடாதபடி இரண்டு கையாலும் அணை கட்டி உட்கார்ந்திருந்தான், சார் வந்து பார்க்கும்வரை.

உடனே 'அந்தக் காலம்போல வருமா' என்று ஆரம்பித்துவிடாதீர்கள். அதே வருஷம் சின்ன டீச்சர் பிரசவ விடுப்பில் போனார், பதிலுக்கு யாரும் வரவில்லை. எங்கள் கணக்குப் பாடம் பெருக்கலோடு நின்றுபோனது. ஆறாம் வகுப்பில் ஒரு வகுத்தலைப் போடச் சொல்லிக் கரும்பலகைக்குக் கூப்பிட்டார்கள். கையில் சாக்பீஸோடு நான் நின்ற நிற்பு இருக்கிறதே! இன்றைக்கும் ஹோட்டல் பில்லை நான்கு பேருக்குப் பங்கிடப் போனைத்தான் எடுக்கிறேன். பையனுக்கு 'அ' சொல்லிக்கொடுத்தது எனக்குப் பெருமைதான். ஆனால் பத்து வயதுப் பிள்ளையை வாத்தியாராக்கினார்கள் என்றால் அங்கே வாத்தியார் இல்லை என்று அர்த்தம்.

வகுப்புகளைச் சேர்த்து உட்காரவைப்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி மாநிலம் முழுக்கப் போன செயல்வழிக் கற்றல், ஆந்திரத்து ரிஷிவேலியின் கிராமப் பள்ளிகளிலிருந்து வந்தது. ஓர் ஆசிரியர் பல வகுப்பைச் சமாளிக்கவென்றே உருவான முறை. பாட அட்டை, எதற்கடுத்து எது என்று காட்டும் ஏணிப் படம், பிள்ளைகள் செய்ததைத் தொங்கவிடக் கம்பிப் பந்தல் எல்லாம் வந்தன. 2022 முதல் 'எண்ணும் எழுத்தும்' என்கிற திட்டம். முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளையும் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து நடத்துகிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் மொட்டோடு சார் உட்கார்ந்திருக்கும்போது அரும்பின் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டுமா, வேண்டாமா? முறையை மாற்றிக்கொண்டே இருப்பார்களாம், ஆளை மட்டும் கூட்ட மாட்டார்களாம்.

ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 1 நிலவரப்படி எண்ணிக்கை எடுப்பார்கள். தலை குறைந்தால் ஆசிரியர் உபரி; பணி நிரவலில் வேறு பள்ளிக்குப் போய்விடுவார். நீங்கள் படித்தபோது அங்கே எத்தனை ஆசிரியர் இருந்தார்கள் என்று எழுதவில்லை. யோசித்துப் பாருங்கள். ஊர் பிள்ளையை வேனில் ஏற்றிய ஒவ்வொரு முறையும் ஆசிரியரும் கூடவே ஏறிப் போயிருக்கிறார்.

எங்கே சேர்ப்பது என்றுதானே கேட்டீர்கள்? நான் சொல்லிக் கேட்டால் நாளைக்கு என்னைத்தான் திட்டுவீர்கள். ஒன்று மட்டும்: பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும் என்பது சட்டம். மூன்றாவது ஆசிரியர் வேண்டும் என்று அங்கே தீர்மானம் எழுதலாம். பிள்ளையை வேனில் அனுப்பியவருக்கு அந்தக் கூட்டத்தில் நாற்காலி கிடையாது.

அப்புறம், அண்ணன் மகன். எழுத்துக்கூட்டுகிறான் என்றால் எழுத்து தெரிந்திருக்கிறது. ராத்திரி கால் மணி நேரம் பக்கத்தில் உட்காரவைத்து வாசிக்கச் சொல்லுங்கள். அவன் கூட்டி முடிப்பதற்குள் நீங்கள் முந்திக்கொண்டு வார்த்தையைச் சொல்லிவிடாதீர்கள்.