சிரட்டைக் கரியும் உங்கள் மகளின் படிப்பும்

அன்புள்ள அக்கா,

போன சனிக்கிழமை நாகர்கோவிலில் பார்த்தபோது, கையில் ஒரு கல்லூரியின் கலர் நோட்டீஸை வைத்துக்கொண்டு கேட்டீர்கள்: "நானோன்னு படிச்சா வேலை கிடைக்குமா? நர்ஸிங்குக்கு விட்டா நாலு வருஷத்துல பிள்ளை சம்பாதிக்கத் தொடங்கிருவாளே?" அன்றைய கூட்டத்தில் நின்று பேச முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

உங்கள் மகள் ஆசைப்படும் நானோ படிப்பு என்ன என்பதை உங்கள் அடுக்களைச் சிரட்டையை வைத்தே சொல்லிவிடலாம். சிரட்டையைக் காற்று அதிகம் படாமல் சுட்டால் கரி. அந்தக் கரியை 800, 900 டிகிரி சூட்டில் நீராவியைச் செலுத்திப் பக்குவப்படுத்தினால், உள்ளே கண்ணுக்குத் தெரியாத துளைகள் திறந்துகொள்ளும். பெரும்பாலான துளைகளின் அகலம் 2 நானோமீட்டருக்கும் குறைவு (ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர்). அப்படிப்பட்ட ஒரு கிராம் கரிக்குள் இருக்கும் பரப்பை விரித்துப் போட்டால் 1,000 சதுர மீட்டரைத் தாண்டும். நம் ஊர்க் கணக்கில் சுமார் 25 சென்ட். அரை ஸ்பூன் கரிக்குள் ஒரு வீடும் தோப்பும் அடங்கும் இடம்!

வீட்டு வாட்டர் ஃபில்டரில் வாடையையும் குளோரினையும் நீக்குவது இந்தக் கரிதான். இதையே பசையாகக் குழைத்து இரண்டு தகடுகளில் பூசி, நடுவே உவர்த் தண்ணீரை ஓடவிட்டு, சுமார் 1.2 வோல்ட் கொடுத்தால் உப்பிலுள்ள சோடியம் ஒரு தகட்டிலும் குளோரைடு மறு தகட்டிலும் போய் ஒட்டிக்கொள்ளும். டார்ச் பேட்டரியின் வோல்ட்கூட அதற்கு வேண்டாம். தகடுகள் நிறைந்ததும் மின்சாரத்தை நிறுத்தி இரண்டையும் கம்பியால் இணைத்தால் உப்பு கழன்றுவிடும், திரும்பவும் பயன்படுத்தலாம். கடல் நீருக்கு இது கட்டுப்படியாகாது. அதில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு, அதற்கு ஆர்.ஓ. போன்ற முறைகள்தான் வழி. ஆனால் லிட்டருக்கு ஓரிரு கிராம் உப்பு ஏறிப்போன கடலோரக் கிணறுகளுக்கு இது பொருந்தும்.

அதே இரண்டு தகடுகளைத் தகுந்த கரைசலோடு ஒரு டப்பாவுக்குள் அடைத்தால் அது சூப்பர் கெப்பாசிட்டர். மின்சாரத்தைச் சேமித்து, கேட்ட நொடியில் கொடுக்கும். கரி மட்டும் மின்சாரத்தை அவ்வளவு தாராளமாகக் கடத்தாது என்பதால் கார்பன் நானோகுழாய் (கார்பன் அணுக்களால் ஆன மிக நுண்ணிய குழாய்), கிராஃபீன் போன்றவற்றைக் கலக்கிறார்கள். 2004-ல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஆந்த்ரே கெய்ம், நொவசெலோவ் என்ற விஞ்ஞானிகள் பென்சில் முனையில் இருக்கும் கிராஃபைட்டிலிருந்து ஒட்டுநாடாவால் உரித்தெடுத்தார்களே, ஓர் அணு கனமே உள்ள அந்தக் கார்பன் தாள்தான் கிராஃபீன். அதற்கான ஆய்வுகளுக்கு 2010-ல் இயற்பியல் நோபல் கிடைத்தது.

இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மின்சாரம் கடத்தும் பொருளைச் செய்யவும் அளக்கவும் கற்றுக்கொண்ட பிள்ளைக்குத் தண்ணீர்த் துறையிலும் இடம் உண்டு, பேட்டரி, எலெக்ட்ரானிக்ஸ் பக்கமும் இடம் உண்டு. ஒன்று மந்தமானால் மற்றது கைகொடுக்கும்.

சரி, அந்த நோட்டீஸுக்கு வருவோம். பி.டெக். நானோ டெக்னாலஜி என்று அதில் இருந்தது. அதில் சேர்க்க வேண்டாம் அக்கா. சில வருடங்களுக்கு முன் நானே ஒரு பையனுக்கு அதைப் பரிந்துரைத்தேன். நன்றாகப் படித்தான். அப்புறம் ஒவ்வொரு வேலை விளம்பரத்திலும் வேதியியல், கெமிக்கல் இன்ஜினியரிங், மெட்டலர்ஜி என்றே கேட்டிருந்தார்கள், அவனால் விண்ணப்பிக்கவே முடியவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. எம்.டெக். சேர எழுதும் கேட் தேர்விலும் சரி, ஆய்வு உதவித்தொகைக்கான சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்விலும் சரி, நானோ என்று தனிப் பாடம் கிடையாது. அடிப்படைப் பட்டம் வேதியியலோ இயற்பியலோ கெமிக்கலோ ஆக இருக்கட்டும். நானோ முதுகலையில் வரலாம், ஆய்வில் வரலாம்.

வெகுதூரம் அனுப்ப உங்களுக்கு மனமில்லை என்பது தெரிகிறது. ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியிலோ இந்துக் கல்லூரியிலோ பி.எஸ்சி. வேதியியல் படித்துக்கொண்டே ஜாம் தேர்வுக்குத் தயாராகலாம். அதில் தேறினால் ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. இப்போதே கொஞ்சம் துணிந்தால் திருவனந்தபுரம் பக்கம் விதுரையில் மத்திய அரசின் அறிவியல் கல்வி நிறுவனமான ஐசர் இருக்கிறது, காரைக்குடி சிக்ரி இருக்கிறது. சிக்ரி மின்வேதியியலுக்கென்றே உள்ள ஆய்வகம். பாப்பனங்கோட்டில் உள்ள, மத்திய அரசின் நிஸ்ட் ஆய்வகமோ நாம் திருவனந்தபுரம் பஸ்ஸில் போகும் வழியிலேயே இருக்கிறது.

காசு விஷயத்தை மறைக்க மாட்டேன். பி.எஸ்சி. 3, எம்.எஸ்சி. 2, பிஎச்.டி. சுமார் 5 என்று பத்து வருடம் ஆகும். கூடப் படித்தவள் நர்ஸாக வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பும்போது உங்கள் மகள் ஆய்வகத்தில் பீக்கர் கழுவிக்கொண்டிருப்பாள். சொந்தக்காரர்கள் கல்யாணப் பேச்சையும் எடுப்பார்கள். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை) வாங்கினால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகையும் வீட்டு வாடகைப் படியும் உண்டு. அதாவது கடைசி ஐந்து வருடம் உங்கள் கையை எதிர்பார்க்க வேண்டியதில்லை. ஆனால் 21 வயதில் அவள் சம்பளம் வந்தால்தான் வீட்டுக் கடன் அடையும் என்ற நிலை இருந்தால், அதை அவளிடம் இப்போதே உட்கார்ந்து சொல்லுங்கள். அப்போதும் வேதியியல் வீண் இல்லை. தண்ணீர்ப் பரிசோதனைக் கூடங்களில் பி.எஸ்சி.யோடு வேலைக்குச் சேரலாம், பிறகு மேலே படிக்கலாம்.

எந்தக் கல்லூரியைப் பார்க்கப் போனாலும் ஆய்வகத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். கிராஃபீன் ஆக்சைடு செய்ய அடர் கந்தக அமிலமும் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டும் சேர்ந்து வேலை செய்யும், ஆபத்தான கூட்டு அது. புகை உறிஞ்சும் கூண்டு ஓடுகிறதா, பிள்ளைகள் கண்ணாடியும் கையுறையும் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். தாயாக நீங்கள் கேட்க உரிமையுள்ள கேள்விகள் இவை.

இந்த வேலைக்கு மார்க்கைவிடப் பொறுமைதான் முக்கியம். ஒரே அளவீட்டை முப்பது தடவை எடுக்க வேண்டிவரும். மகளுக்கு அது வருமா என்று பார்க்க ஒரு வழி சொல்கிறேன். தண்ணீரில் கரைந்துள்ள உப்பின் அளவைக் காட்டும் ஒரு டி.டி.எஸ். மீட்டர் வாங்கிக் கொடுங்கள், சில நூறு ரூபாய்தான். கடற்கரைப் பக்கம் ஒரு கிணறு, உங்கள் வீட்டுக் கிணறு, உள்ளே தள்ளி ஒரு கிணறு என மூன்றிலும் இந்த ஏப்ரல், மே ஞாயிறுகளில் காலை ஒரே நேரத்தில் அளந்து நோட்டில் எழுதட்டும். மழை பெய்த நாளைக் குறித்து வைக்கட்டும். குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 2,000 வரை என்பது இந்தியத் தர அளவு. எட்டாவது ஞாயிற்றுக்கிழமையும் நீங்கள் சொல்லாமலே வாளியை எடுத்துக்கொண்டு கிளம்புகிறாளா என்று கவனியுங்கள்.

அதுவரை அந்தக் கல்லூரிக்கு முன்பணம் கட்ட வேண்டாம். ரிசல்ட் வந்ததும் மகளையும் அந்த நோட்டையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், மூன்று பேரும் உட்கார்ந்து விண்ணப்பம் நிரப்புவோம்.