தொறு மீட்டுப் பட்டவனின் கல்

அன்புள்ள ஐயா,

செங்கத்துக்கு அருகில் உள்ள எங்கள் ஊர் எல்லையில், நாங்கள் வேடியப்பன் என்று வணங்கும் கல் ஒன்று இருக்கிறது. வில்லும் வாளும் ஏந்திய வீரன். அவன் தலைக்கு மேல் சில வரி எழுத்துகள். கோயிலைப் புதுப்பிக்கும்போது கல்லுக்கு எனாமல் வண்ணம் பூச முடிவு செய்திருக்கிறார்கள். அருகில் ஒரு தகவல் பலகை வைக்கலாமே என்று நான் சொன்னபோது, "மாட்டுக்காகச் செத்தவனுக்குப் பலகை எதற்கு? அது என்ன போரா?" என்று ஒருவர் கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அது போர்தான். கல்வெட்டுகள் தொறு என்று சொல்லும் ஆநிரையே, அதாவது மாட்டு மந்தையே, செல்வமாக இருந்த முல்லை நிலத்தில் மந்தையைப் பறிகொடுத்த ஊர் பிழைக்க வழியில்லை. அதனால்தான் புறப்பொருள் வெண்பாமாலை என்னும் இலக்கண நூல் ஆநிரை கவர்தலை வெட்சி என்றும், அதை மீட்டலைக் கரந்தை என்றும் இரு தனித் திணைகளாக வைத்துப் போரின் இலக்கணத்தை அங்கிருந்தே தொடங்குகிறது. போரில் இறந்த வீரனுக்கு நடுகல் எடுக்கும்போது, கல்லைத் தேர்ந்தெடுப்பது முதல் நட்டு வாழ்த்துவது வரை, காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்தல் என்று ஆறு படிகளைத் தொல்காப்பியம் சொல்கிறது. இறந்துபட்ட ஒருவனுக்காக ஊர் எவ்வளவு பொறுப்போடு நடந்துகொண்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

உங்கள் பகுதியிலேயே, தண்டராம்பட்டுக்கு அருகில் எடுத்தனூரில் உள்ள கல்லைச் சென்று பாருங்கள். மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில் நடப்பட்டது. பொற்றொக்கையாரின் இளமகன் கருந்தேவக்கத்தி தன் எருமைகளைக் காக்கும்போது பட்டான், அதாவது இறந்தான், என்கிறது கல்வெட்டு. அவன் உருவத்துக்குப் பின்னால் ஒரு நாய் நிற்கிறது. கோவிவன் என்னும் அந்த நாய் கள்ளனைக் கடித்துக் காத்திருந்த செய்தியும் தனியாகப் பொறிக்கப்பட்டிருக்கிறது. பல்லவப் பேரரசன் அந்தக் கல்லில் ஆண்டைக் குறிக்க மட்டுமே வருகிறான். கல் எருமை மேய்த்தவனுக்கும் அவன் நாய்க்கும் உரியது.

கடாரம் வென்ற ராஜேந்திர சோழனின் வெற்றிகளைப் புகழும் கல்வெட்டுப் பகுதியான மெய்க்கீர்த்தியை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வென்ற இடங்களை அது ஒவ்வொன்றாக, அவற்றின் சிறப்போடு அடுக்கிச் செல்கிறது. அக்கரையில் உயிர்விட்ட போர்வீரன் ஒருவனின் பெயர்கூட அதில் இல்லை. நம் வரலாற்றில் எளிய மனிதன் ஒருவன் எங்கே, எதற்காக இறந்தான் என்பதை அவன் பெயரோடு அறிய நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பெரிய ஆவணம் இந்த நடுகற்கள்தாம். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பட்ட தமிழ் பிராமிக் கல்லில், கூடலூர் ஆகோளில், அதாவது ஆநிரை கவரும் பூசலில், இறந்த தீயன் அந்தவன் பெயர் இருக்கிறது. அது இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்டது.

ஆகவே, முதல் வேலையாக அந்த எனாமல் வண்ணத்தைத் தடுத்து நிறுத்துங்கள். உங்கள் பகுதிக் கற்களில் பெரும்பாலும் இருப்பது வட்டெழுத்து என்னும் பழைய தமிழ் எழுத்து வகை. அதன் கீறல்கள் ஆழமற்றவை. வண்ணம் கீறலுக்குள் இறங்கி உறைந்துவிட்டால் மைப்படி எடுக்க இயலாது. மைப்படி எடுக்க, ஈரத்தாளைக் கல்லின் மேல் ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டி எழுத்தின் குழிக்குள் இறக்கி, பிறகு மை ஒற்றுவார்கள். குழியே இல்லையென்றால் தாளில் எதுவும் விழாது. மணல் வீச்சு முறையில் சுத்தம் செய்கிறோம் என்று யாராவது வந்தால் அதற்கும் இடம் கொடுக்காதீர்கள். அது எழுத்தையே தேய்த்துவிடும். பூசை நிற்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இந்தக் கல் இதுவரை பிழைத்திருப்பதே உங்கள் முன்னோர் அதற்குப் படையலிட்டு வந்ததால்தான். மாலை சாத்துங்கள், பொங்கல் வையுங்கள். எழுத்துள்ள பகுதியில் மட்டும் எதையும் பூசாதீர்கள்.

கல்லை அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோகவும் அவசரப்பட வேண்டாம். அவன் காத்த ஊரின் எல்லையில் நிற்கும்வரைதான் அது அந்த ஊரின் கல். மாநிலத் தொல்லியல் துறைக்குப் படத்துடன் எழுதுங்கள், வாசித்துத் தருவார்கள். வாசிப்பு கிடைத்தபின் பலகை எழுதும்போது, அரசன் பெயரையும் நூற்றாண்டையும் பெரிய எழுத்தில் போடும் வழக்கத்தைப் பின்பற்றாமல், வீரனின் பெயரை முதல் வரியிலும், அவன் எதைக் காத்து இறந்தான் என்பதை இரண்டாம் வரியிலும் போடுங்கள். ஆட்சியாண்டு கடைசியில் வரட்டும்.