ரிப்போர்ட்டில் இருக்கும் ஏ1, கார்டன் 3, சால்டர் ஹாரிஸ் 2: மலையக உறவுகளின் கேள்விகளுக்குப் பதில்

மலைநாட்டு வைத்தியசாலை ஒன்றின் எக்ஸ்ரே அறையில் 22 வருடமாக வேலை செய்கிறேன். படம் எடுப்பது என் பொறுப்பு. என்ன வைத்தியம் என்று முடிவு செய்வது டாக்டரின் பொறுப்பு. ஆனால் ரிப்போர்ட் கைக்கு வந்ததும் நம் ஆட்கள் திரும்பி வருவது என் கதவுக்குத்தான். "அக்கா, இதில் என்னவோ எழுத்தும் நம்பரும் போட்டிருக்கிறார்களே, அது என்ன?" வரிசை நீளமாக இருக்கும்போது நின்று பதில் சொல்ல முடிவதில்லை. அதனால்தான் கேள்விகளை எழுதி அனுப்பச் சொன்னேன். பெயர்களை எடுத்துவிட்டுப் பதில் தருகிறேன்.

மஸ்கெலியாவிலிருந்து ஒரு தங்கச்சி: அம்மா கொழுந்து மூட்டையோடு மழையில் மலைப்படியில் வழுக்கி, குந்தினமாதிரி விழுந்துவிட்டார். வயது 58. ரிப்போர்ட்டில் "எல்1, ஏஓ ஏ1, என்0" என்று இருக்கிறது. பயப்பட வேண்டுமா?

தங்கச்சி, அந்த வரியை மூன்றாகப் பிரித்துப் படி.

எல்1 என்பது இடம், இடுப்பின் முதல் முள்ளெலும்பு. விலா எலும்புகள் பிடித்திருப்பதால் மேல் முதுகு விறைப்பாக இருக்கும். இடுப்பு வளைந்து கொடுக்கும். இரண்டும் சந்திக்கும் டி11 (மேல் முதுகின் பதினோராவது முள்ளெலும்பு) முதல் எல்2 வரையான பகுதியில்தான் விழுந்தவர்களின் முதுகு அதிகமாக முறிகிறது.

ஏஓ என்பது 1958 இல் சுவிட்சர்லாந்தில் எலும்பு முறிவு டாக்டர்கள் தொடங்கிய குழு. முதுகு முறிவுகளை வகை பிரிக்கும் அவர்களின் இப்போதைய முறை 2013 இல் வெளிவந்தது. ஏ என்றால் எலும்பு நசுங்கியிருக்கிறது. பி என்றால் முள்ளெலும்புகளை இழுத்துப் பிடிக்கும் கட்டு அறுந்திருக்கிறது. சி என்றால் ஒரு எலும்பு மற்றதை விட்டு விலகிவிட்டது. ஏ1 எப்படி என்று அறிய ஒரு வெறும் தீப்பெட்டியை நிமிர்த்தி வைத்து, முன் ஓரத்தை மட்டும் விரலால் அமுக்கிப் பார். முன்பக்கம் சரியும், பின்சுவர் நேராக நிற்கும். அந்தப் பின்சுவருக்குப் பின்னால்தான் நரம்புக் குழாய். ஏ3, ஏ4 என்று வந்திருந்தால் பின்சுவரும் வெடித்திருக்கிறது, துண்டு நரம்புப் பக்கம் தள்ளியிருக்கலாம் என்று பொருள். என்0 என்றால் சோதித்த நேரத்தில் நரம்பில் கோளாறு எதுவும் இல்லை.

நேராக எடுத்த படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் ஒவ்வொரு முள்ளெலும்பிலும் இரண்டு வட்டங்கள் கண்கள்போலத் தெரியும். உடைந்த எலும்பில் அந்தக் கண்கள் மேலும் கீழும் உள்ளவற்றைவிட அகன்று நின்றால் பின்பக்கமும் வெடித்திருக்கிறதோ என்று சந்தேகப்படுவோம். நான் படம் எடுத்ததும் முதலில் பார்ப்பது அதைத்தான்.

ஆக, அம்மாவுக்கு வந்திருப்பது அந்த வரிசையில் லேசான பக்கம். ஆனால் ஒன்றை டாக்டரிடம் கட்டாயம் கேள். 58 வயதில் குந்தி விழுந்து முதுகெலும்பு நசுங்கினால் எலும்பு மெலிவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கால் பலம் குறைந்தாலோ, சிறுநீர் போக முடியாமல் நின்றாலோ, உட்காரும் இடம் மரத்துப்போனாலோ விடியும்வரை காத்திருக்க வேண்டாம். 1990 ஐ அழையுங்கள். தூக்கும்போது கம்பளியில் மடக்கித் தூக்காமல் தட்டையான பலகையில், நாலு பேர் சேர்ந்து, உடம்பு முறுகாமல் தூக்க வேண்டும். சாக்கில் சுருட்டி மலையிலிருந்து இறக்கி வந்தவர்களைப் பார்த்து நான் பதறியிருக்கிறேன்.

பொகவந்தலாவையிலிருந்து ஒரு தம்பி: அண்ணன் நிழல் மரம் வெட்டும்போது விழுந்து முதுகு உடைந்தது. ஆபரேஷன் என்கிறார்கள். பக்கத்துக் கட்டில்காரருக்கும் முதுகுதான் உடைந்தது, அவருக்கு பெல்ட் போட்டு அனுப்பிவிட்டார்கள். அண்ணனுக்குக் காலில் பலம் குறைவு, ரிப்போர்ட்டில் "பர்ஸ்ட்" என்று இருக்கிறது. ஆளுக்கொரு நியாயமா?

தம்பி, உன் சந்தேகம் எனக்குப் புரிகிறது. தோட்டத்து ஆள் என்றால் ஒதுக்கிப் பேசுவதை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் இதில் கணக்கு ஒன்று இருக்கிறது. 2005 இல் வந்த டிஎல்ஐசிஎஸ் என்ற முறையில் மூன்று விஷயத்துக்குப் புள்ளி போடுவார்கள்.

முதலாவது முறிவின் உருவம். வெறும் நசுங்கல் 1, வெடித்திருந்தால் (அதுதான் "பர்ஸ்ட்") 2, விலகியோ திருகியோ இருந்தால் 3, இழுபட்டுப் பிரிந்திருந்தால் 4. இரண்டாவது நரம்பு. நன்றாக இருந்தால் 0, நரம்பு வேரில் பாதிப்பு என்றாலும் முதுகின் நரம்புத் தண்டு முழுதாகச் செயலிழந்தது என்றாலும் 2, தண்டு அரைகுறையாகப் பாதிக்கப்பட்டிருந்தால் 3. முழுதாகப் போனதைவிட அரைகுறைக்கு ஏன் அதிகப் புள்ளி? காப்பாற்ற இன்னும் மிச்சம் இருக்கிறது, அதனால்தான். மூன்றாவது பின்பக்கத்துக் கட்டுநார்கள். நன்றாக இருந்தால் 0, சந்தேகம் என்றால் 2, அறுந்திருந்தால் 3.

கூட்டினால் 3 அல்லது குறைவு என்றால் பெரும்பாலும் பெல்ட்டும் ஓய்வும். 4 என்றால் இரண்டில் எதுவும் சரி. 5 அல்லது கூட என்றால் ஆபரேஷன் பக்கம் சாயும். உன் அண்ணனுக்கு வெடிப்பு 2, நரம்பு அரைகுறைப் பாதிப்பு என்றால் 3. கட்டுநாரை எம்ஆர்ஐயில் பார்க்கும் முன்பே 5 வந்துவிட்டது. பக்கத்துக் கட்டில்காரருக்கு நசுங்கல் மட்டும் என்றால் 1. ஒரே வார்டு, ஒரே முதுகு, ஆனால் ஒரே காயம் இல்லை. "என்ன புள்ளி வந்தது?" என்று தைரியமாகக் கேள். அது உன் உரிமை.

இன்னொன்று. சீட்டில் "ஏசியா சி" என்பதுபோல இருக்கலாம். அது நரம்பின் நிலையைச் சொல்லும் எழுத்து, படத்தைப் பார்த்துப் போடுவதல்ல. ஊசியால் தொட்டு, காலை அசைக்கச் சொல்லிச் சோதித்துப் போடுவது. அங்கே ஏ தான் மிக மோசம், இ என்றால் நலம். முறிவு முறையில் ஏ லேசானது, இங்கே ஏ கடுமையானது! இதைக் குழப்பிக்கொண்டு அழுதவர்களும் உண்டு, நிம்மதியாக வீட்டுக்குப் போனவர்களும் உண்டு. அதனால் எழுத்தை மட்டும் பார்க்காதே, எந்த முறையின் எழுத்து என்று கேள்.

தலவாக்கலையிலிருந்து ஒரு தாய்: ஒன்பது வயது மகன் கொய்யா மரத்திலிருந்து விழுந்தான். மணிக்கட்டில் "சால்டர் ஹாரிஸ் 2". என் அம்மா முறிவு நெரிவு வைத்தியரிடம் கட்டலாம் என்கிறார்.

பிள்ளைகளின் எலும்பு நுனியில் வளரும் தட்டு ஒன்று இருக்கிறது. படத்தில் அது கறுப்புக் கோடாகத் தெரியும், பழகாதவர்கள் அதையே முறிவு என்று நினைப்பார்கள். அந்தத் தட்டில் விழுந்த காயத்தை ஐந்தாகப் பிரித்து 1963 இல் சால்டரும் ஹாரிஸும் எழுதினார்கள். 2 என்றால் தட்டு வழியாக ஓடிய முறிவு, எலும்பின் தண்டுப் பக்கத்தில் ஒரு துண்டையும் சேர்த்துப் பெயர்த்திருக்கிறது. அதிகம் வருவது இதுதான், பெரும்பாலும் நன்றாகச் சேர்ந்துவிடும். 3, 4 மூட்டுக்குள் போகும். 5 இல் தட்டு நசுங்கும்; முதல் படத்தில் அது தெரியாமலேகூடப் போகலாம்.

அம்மாவின் அனுபவத்தை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் வளரும் தட்டை எண்ணெய் போட்டு உருவவோ இறுக்கிக் கட்டவோ கூடாது. மாவுக்கட்டுப் போட்ட பிறகும் விரல் குளிர்ந்தால், நீலமானால், மரத்தால், வலி கூடிக்கொண்டே போனால் உடனே கொண்டுவாருங்கள். கை நேராக வளர்கிறதா என்று பார்க்க டாக்டர் தரும் திகதிகளைத் தவறவிட வேண்டாம்.

ஹட்டனிலிருந்து ஒரு அண்ணன்: அப்பாயிக்குத் தொடை எலும்பின் கழுத்தில் முறிவு. இங்கே "கார்டன் 3" என்றார்கள், கண்டியில் "கார்டன் 4" என்கிறார்கள். யார் சொல்வது சரி?

யாரும் தப்புச் செய்யவில்லை, அண்ணா. கார்டன் என்ற டாக்டர் 1961 இல் சொன்ன நாலு படியில், ஒரே படத்தை இரண்டு டாக்டர்கள் பார்த்து வேறு வேறு எண் சொல்வது உலகம் முழுவதும் நடப்பது. கால் திரும்பியிருக்கும் கோணம் கொஞ்சம் மாறினாலே படமும் மாறித் தெரியும். அதனால் பலர் இதை இரண்டாகவே எடுத்துக்கொள்கிறார்கள்: 1, 2 நகராதது, 3, 4 நகர்ந்தது. நகர்ந்தால் எலும்பின் தலைக்குப் போகும் இரத்த ஓட்டம் கெடும், அதனால் வயதானவர்களுக்குப் பெரும்பாலும் செயற்கைத் தலை வைப்பார்கள். 3 என்றாலும் 4 என்றாலும் அப்பாயிக்கு வழி அநேகமாக ஒன்றுதான். எண்ணுக்காக அலைந்து நாளை வீணாக்காதீர்கள். படுக்கையில் கழியும் ஒவ்வொரு நாளும் நெஞ்சுச் சளியையும் படுக்கைப் புண்ணையும் கொண்டுவரும்.

நுவரெலியாவிலிருந்து ஒரு மாணவி: டாக்டர் "கோலிஸ்" என்றார், ரிப்போர்ட்டில் "2ஆர்3ஏ2". இரண்டும் ஒன்றா?

உன் முறிவில் ஒன்றுதான். ரிப்போர்ட்டில் இருப்பது மேலே சொன்ன ஏஓ குழுவின் எண். 2 முன்கை, ஆர் ஆரை எலும்பு, 3 கீழ் நுனி, ஏ மூட்டுக்குள் போகாதது, கடைசி 2 அதற்குள் ஒரு பிரிவு. கோலிஸ் என்ற டாக்டர் இந்த மணிக்கட்டு முறிவைப் பற்றி 1814 இல் எழுதினார். எக்ஸ்ரே கண்டுபிடித்தது 1895 இல். படமே இல்லாமல், கையைத் தடவிப் பார்த்தே அறிந்தவர்.

டிக்கோயாவிலிருந்து ஒருவர்: பைக் விபத்தில் தம்பியின் கால் எலும்பு வெளியே வந்துவிட்டது. எக்ஸ்ரேயில் வகை ஏன் போடவில்லை?

அதற்கான கஸ்டிலோ முறை 1976 இல் வந்தது. அதில் எண் போடுவது படத்தில் அல்ல, ஆபரேஷன் அறையில் காயத்தைக் கழுவித் திறந்து பார்த்த பிறகு. வெளியே சின்ன ஓட்டையாக இருந்தாலும் உள்ளே தசை நைந்திருக்கலாம். அன்டிபயோட்டிக்கும் ஏற்பு ஊசியும் உடனே கிடைத்தனவா என்பதே முதலில் பார்க்க வேண்டியது. காயத்தில் தூளோ தேயிலையோ அப்ப வேண்டாம். சுத்தமான துணியால் மூடினால் போதும்.

கொட்டகலையிலிருந்து ஒரு ஐயா: பழைய எக்ஸ்ரே படங்களை எறிந்துவிடலாமா?

வேண்டாம் ஐயா. முதுகில் நசுங்கிய எலும்பு ஒன்றைப் பார்க்கும்போது அது போன மாதம் நசுங்கியதா, பத்து வருடத்துக்கு முன்னால் நசுங்கியதா என்று வெறும் எக்ஸ்ரேயில் பல நேரம் சொல்ல முடியாது. எம்ஆர்ஐ எடுத்தால் புதுக் காயத்தில் எலும்புக்குள் நீர் கோத்திருப்பது தெரியும். ஆனால் உங்கள் பழைய படம் கையில் இருந்தால் அந்தச் செலவும் பயணமும் இல்லாமலே பதில் கிடைக்கலாம். லயத்துக் கூரை ஒழுகும் என்பதால் பிளாஸ்டிக் பையில் போட்டு, மடிக்காமல், பெட்டிக்குள் துணிக்கு அடியில் தட்டையாக வையுங்கள். உறையின் மேல் திகதி எழுதியிருக்கட்டும்.