ஒரு மணி நேர டைமர் ஏன் சொன்ன நேரத்தில் அணைவதில்லை?

கேள்வி: மேசை விளக்கு ஒரு மணி நேரத்தில் தானாக அணைய 555 என்ற டைமர் ஐசியை (சிப்பை) வைத்து டைமர் செய்தேன். 12 வோல்ட் சப்ளை, 3.3 மெகா ஓம் ரெசிஸ்டர், 1000 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர். ஒரு நாள் ஒன்றே கால் மணி நேரம் ஆகிறது, இன்னொரு நாள் ஒன்றரை. போன வாரம் இரவு முழுக்க அணையவே இல்லை. ஐசியை மூன்று முறை மாற்றிவிட்டேன். ஒரிஜினல் ஐசி போடச் சொல்கிறார் கிட் விற்றவர்.

பதில்: நான்காவது ஐசி வாங்காதீர்கள். உங்களிடம் இருந்த மூன்றுமே நல்ல ஐசியாக இருந்திருக்கலாம்.

555-க்கு மணிக்கணக்கு தெரியாது. ரெசிஸ்டர் வழியாக கெபாசிட்டர் (மின்னூட்டத்தைச் சேர்த்து வைப்பது) நிரம்புவதை அது பார்த்துக்கொண்டிருக்கும். கெபாசிட்டரின் வோல்டேஜ் சப்ளையில் மூன்றில் இரண்டு பங்கு வந்ததும் ரிலேவை (விளக்கை இயக்கும் மின்காந்த ஸ்விட்சை) விட்டுவிடும், அவ்வளவுதான். 12 வோல்ட் சப்ளைக்கு அந்த அளவு 8 வோல்ட். 1.1-ஐ ரெசிஸ்டராலும் கெபாசிட்டராலும் பெருக்கினால் நேரம். உங்கள் கணக்கு 3630 விநாடி. தவறே இல்லை.

தவறு கடைசி நிமிடங்களில் இருக்கிறது. கெபாசிட்டரில் 8 வோல்ட் ஏறும்போது ரெசிஸ்டரின் குறுக்கே மிஞ்சுவது 4 வோல்ட். அதை 3.3 மெகா ஓமால் வகுத்தால் 1.2 மைக்ரோ ஆம்பியர். கெபாசிட்டரைக் குடம் என்று வைத்துக்கொண்டால், அதில் அந்த நேரம் விழும் தண்ணீர் இவ்வளவே. குடத்திலோ ஓட்டை. உங்களுடையது போன்ற எலக்ட்ரோலிட்டிக் வகை கெபாசிட்டர் எல்லாமே கொஞ்சம் கசியும். 1000 மைக்ரோஃபாரட், 25 வோல்ட் சாதாரண வகைக்கு 250 மைக்ரோ ஆம்பியர் வரை கசியலாம் என்று டேட்டா ஷீட்டிலேயே (தயாரிப்பாளர் தரும் விவரத்தாளிலேயே) அனுமதி உண்டு. நிஜத்தில் கசிவது அதைவிட மிகக் குறைவுதான். ஆனால் 1.2-ஐத் தாண்டினாலே போதும், 8 வோல்ட் வரவே வராது, விளக்கு விடிய விடிய எரியும்.

இந்தக் கசிவைப் பற்றி எந்த வகுப்பில் சொல்கிறார்கள்? சூத்திரத்தை மனப்பாடம் செய்தால் மதிப்பெண் வந்துவிடுகிறது. பாடத்திட்டம் எழுதுகிறவர்கள் சாலிடரிங் அயர்னைக் கையில் பிடித்து எத்தனை வருடம் ஆயிற்றோ!

'இரண்டு மணி நேரம் வரை அட்ஜஸ்ட் செய்யலாம்' என்று ஒற்றை 555-ஐ வைத்துக் கிட் விற்பவர்கள் வேறு ரகம். வாடிக்கையாளர் திரும்பி வந்தால் ஐசி டூப்ளிகேட் என்று அடுத்ததை விற்பார்கள். டூப்ளிகேட் இல்லாமலும் இல்லை. 555-இன் குறைந்த மின்சாரம் எடுக்கும் வகையான 7555 என்று அச்சிட்டு சாதாரண 555-ஐத் தள்ளிவிடுவது பழைய வித்தை. 5 வோல்ட் கொடுத்து, வேறெதையும் இணைக்காமல், ஐசி எடுக்கும் கரண்டை மீட்டரில் பாருங்கள். 3 மில்லி ஆம்பியர் பக்கம் காட்டினால் ஏமாந்திருக்கிறீர்கள். உண்மையான 7555 ஒரு மில்லி ஆம்பியரைக்கூட எட்டாது.

'என் மேசையில் சரியாக ஓடியதே' என்று கிட்காரர் சொல்வது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. அதற்கும் காரணம் உண்டு. மாதக்கணக்கில் சும்மா கிடந்த எலக்ட்ரோலிட்டிக்கில் உள்ளே இருக்கும் ஆக்சைடு படலம் பலவீனமாகிவிடும், அதனால் அதிகம் கசியும். வோல்டேஜ் கொடுத்து வைத்தால் படலம் மெல்லத் தேறும், கசிவு குறையும். நாள் முழுக்க டெஸ்ட் செய்தவரிடம் அது ஒழுங்காக ஓடும். பத்து நாள் ஊருக்குப் போய்விட்டு வந்து போடுகிறவரிடம் மக்கர் செய்யும். ஒரு ராத்திரி 12 வோல்ட்டில் போட்டுவைத்தால் உங்களுடையதும் சில நாள் ஒழுங்காக இருக்கலாம். அப்புறம் வெயில் ஏறும், கசிவும் ஏறும். அதை நம்பிக் காலம் தள்ள முடியாது.

பத்து நிமிடத்துக்கு மேல் என்றால் 555 வேண்டாம், சிடி4060 போடுங்கள். அது சின்னச் சின்னத் துடிப்புகளை எண்ணும் ஐசி. 8192 துடிப்பு முடிந்ததும் 3-ஆம் பின்னில் (ஐசியின் காலில்) வோல்டேஜ் உயரும். ஆக, ஒரு மணி நேரத்துக்கு ஒரு துடிப்பு 0.44 விநாடி இருந்தால் போதும். அதற்கு 0.47 மைக்ரோஃபாரட் பிலிம் கெபாசிட்டரை 9-ஆம் பின்னிலும், 390 கிலோ ஓமும் 100 கிலோ ஓம் பிரீசெட்டும் (திருகி அளவை மாற்றும் ரெசிஸ்டர்) தொடராக 10-ஆம் பின்னிலும், 4.7 மெகா ஓமை 11-ஆம் பின்னிலும் இணைத்து, மறுமுனைகளை ஒன்றாகச் சேர்த்துவிடுங்கள். பிலிம் வகையில் கசிவு இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம்.

3-ஆம் பின்னிலிருந்து 11-ஆம் பின்னுக்கு ஒரு டயோடு போட்டால் நேரம் முடிந்ததும் எண்ணுவது நின்றுவிடும். 12-ஆம் பின்னிலிருந்து பிளஸுக்கு 0.1 மைக்ரோஃபாரட், கிரவுண்டுக்கு 100 கிலோ ஓம். ஸ்விட்ச் போட்டதும் பூஜ்யத்திலிருந்து எண்ணத் தொடங்கும். ரிலேவை இந்த ஐசி நேரடியாக இழுக்காது, ஒரு பிஎன்பி டிரான்சிஸ்டர் வேண்டும். ரிலே காயிலுக்கு எதிர்த்திசை டயோடையும் மறக்காதீர்கள்.

அட்ஜஸ்ட் செய்ய ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டாம். 7-ஆம் பின்னில் 10 கிலோ ஓம் வழியாக எல்இடி போடுங்கள். பத்து முறை மின்னி முடிய 70 விநாடி ஆகும்படி பிரீசெட்டைத் திருப்பினால் சரி.

பழைய 1000 மைக்ரோஃபாரட்டைத் தூக்கிப் போடாதீர்கள். பவர் சப்ளையில் ஃபில்டராகப் போட்டால் அது கசிவது யாருக்கும் தெரியப் போவதில்லை.