நல்ல மழை பெய்த வருடத்திலும் வன்னியில் நெல் ஏன் சப்பியாகிறது (மணி பிடிக்காமல் வெறும் உமியாகிறது)?

"கிளிநொச்சியின் இரணைமடுக் குளம் நிரம்பி வான் பாய்ந்த வருடத்திலும் விளைச்சல் விழுந்துவிட்டது என்கிறார்களே, தண்ணீர் இருந்தால் நெல் விளையாதா?" என்பது கேள்வி. நான் கிளிநொச்சி மாவட்டத்துப் பரந்தன் பக்கம். வயலோடு வளர்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: எவ்வளவு மழை என்பதைவிட எந்தக் கிழமையில் (வாரத்தில்) மழை என்பதுதான் எங்களுக்குக் கணக்கு.

காலபோகத்துக்கு, அதாவது மாரி மழையை நம்பிச் செய்யும் போகத்துக்கு, புரட்டாதி கடைசியிலேயே சிலர் புழுதியில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அங்கேயே முதல் சூதாட்டம். ஒரு சின்ன மழை பெய்து நெல் முளை கட்டியபின் பத்து நாள் வெயில் எறித்தால், முளை அப்படியே கருகிவிடும். பெய்யாமலே இருந்திருந்தால் விதையாவது மிஞ்சியிருக்கும்.

ஆனால் உண்மையான ஆபத்து பூக்கும் நேரத்தில். நெற்பூவைக் கிட்ட நின்று பார்த்திருக்கிறீர்களா? காலை ஒன்பது, பத்து மணிவாக்கில் உமி இரண்டும் லேசாக விரியும், வெளியே மஞ்சள் மகரந்தப் பைகள் தொங்கும். ஒரு மணித்தியாலம் போனால் மூடிவிடும். பிறகு திறக்காது. மூன்றரை மாத நெல்லை ஐப்பசி தொடக்கத்தில் விதைத்தால் இந்தப் பூ மார்கழி நடுவில் வரும், அதாவது மாரி மழைக்கு நடுவில். காலையில் விடாமல் பெய்தால் மகரந்தம் கழுவுப்பட்டுப் போகும். மழை இல்லாமல் மூட்டம் மட்டும் இருந்தாலும் வெயில் காணாமல் மணி அரைகுறையாகத்தான் நிரம்பும்.

2018 மார்கழியில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வெள்ளம் வந்தது நினைவிருக்கும். எங்கள் பள்ளக் காணியில் கதிர் மட்டத்துக்கு மேலே நாலு நாள் தண்ணீர் நின்றது. வடிந்தபின் பார்த்தால் பயிர் பச்சையாகத்தான் நின்றது, எங்களுக்கும் ஒரு ஆறுதல். தை பிறந்து ஒரு கதிரைக் கையில் உருவியபோதுதான் விஷயம் தெரிந்தது. உள்ளங்கை நிறைய உமி. ஊதினால் பறந்தது. நாலைந்து மணிதான் கையில் தங்கியது.

குளத்துத் தண்ணீரில் கோடையில் செய்யும் சிறுபோகம் வேறு கதை. குளத்தில் உள்ள தண்ணீரைப் பார்த்துத்தான் கூட்டத்தில் இத்தனை ஏக்கர் என்று முடிவெடுப்பார்கள். வெயில் தாராளம், அதனால் மணி நன்றாகப் பிடிக்கும். ஆனால் பூக்கும்போது வெக்கை 35 பாகை தாண்டினால் மகரந்தம் செத்துவிடும், அதுவும் சப்பிதான். போதாக்குறைக்குச் சோளகம் (தென்மேற்குக் காற்று) வேறு அடித்து வயலைக் காயவைக்கும்.

அறுவடை நேரத்து மழையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. சாய்ந்த பயிரில் நெல் கதிரிலேயே முளைத்துவிடும். வெட்டு மெசின் சேற்றில் இறங்காது. ஈர நெல்லுக்கு வியாபாரி சொல்லும் விலையைக் கேட்டால் வயிறு எரியும்.

"நீங்கள் என்ன செய்கிறீர்கள்?" என்றும் கேட்டிருந்தீர்கள். எங்கள் ஐயா (அப்பா) ஒரே நெல் இனத்தை முழுக் காணியிலும் விதைப்பதை நிறுத்திவிட்டார். மேட்டுக் காணிக்கு மூன்றரை மாத நெல், பள்ளத்துக்கு நாலு மாத நெல். இரண்டும் ஒரே கிழமையில் பூக்காது.